தென் ஐரோப்பாவில் இளைப்பாறியோரின் வீட்டுவண்டிப் பயணம்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்றதும் முடிமன்னரையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் நினைவுகூரும் வழக்கம் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. பொதுமக்களின் வாழ்க்கையும் வரலாற்றாசிரியனின் கவனத்துக்குரியதே என்னும் கொள்கை வலுப்பெற்ற பின்னரும், அம்மக்களின் உழைப்புக் கவனிக்கப்பட்ட அளவுக்கு அவர்களின் ஓய்வு கவனிக்கப்படவில்லை. ஆயினும், வாழ்நாள் முழுவதும் உழைத்து முடித்தவனுக்கு ஒரு சமுதாயம் எத்தகைய ஓய்வினை அளிக்கின்றது என்பது, அச்சமுதாயத்தின் இயல்பை அறிவதற்குரிய சிறந்த அளவுகோல்களுள் ஒன்றாகும்.

ஐரோப்பாவின் நெடுஞ்சாலைகளில் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தின் இறுதியிலே காணக்கூடிய காட்சியொன்று உண்டு. பிரித்தானியா, நெதர்லாந்து, ஜேர்மனி ஆகிய நாடுகளின் இலக்கத் தகடுகளைத் தாங்கிய கார்கள், கரவன் எனப்படும் வீட்டுவண்டிகளை இழுத்துக்கொண்டு தெற்கு நோக்கிச் செல்லும். காரினுள்ளே அறுபது, எழுபது வயதைக் கடந்த கணவனும் மனைவியும் அமர்ந்திருப்பர். பின்னாசனத்தில் ஒரு நாய், சிலவேளைகளில் இரண்டு நாய்கள், படுத்திருக்கும். பிரான்சைக் கடந்து, பிரனீஸ் மலைகளைத் தாண்டி, ஸ்பெயினின் கிழக்குக் கரைக்கோ போர்த்துக்கலின் அல்கார்வேப் பகுதிக்கோ இவர்கள் சென்றடைவர். வடக்கிலே பனி உருகும் வரை அங்கே தங்கியிருந்து பின்னர் வீடு திரும்புவர்.

மேலோட்டமாக நோக்குவோருக்கு இது இளைப்பாறிய சிலரின் தனிப்பட்ட விருப்பமாகவே தோன்றும். ஆனால் இவ்வெளிய காட்சியின் பின்னால் நான்கு நீண்ட வரலாறுகள் உள்ளன. ஓய்வூதியத்தின் வரலாறு ஒன்று. வீட்டுவண்டியினதும் சாலையினதும் வரலாறு மற்றொன்று. தென் ஐரோப்பிய நாடுகள் தம் வாயில்களைத் திறந்த வரலாறு மூன்றாவது. விலங்கு நோய்க்கும் எல்லைக் காவலுக்குமிடையே நிலவிய தொடர்பின் வரலாறு நான்காவது. இவை எவ்வாறு ஒன்றுகூடின, அக்கூட்டினால் விளைந்த சுதந்திரம் யாருக்கு வழங்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வடவர் தென் ஐரோப்பாவுக்குச் செல்லும் வழக்கம் புதியதன்று. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில், ஆங்கில நிலப்பிரபுக்களின் புதல்வர் தமது கல்வியின் நிறைவாகப் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் சென்று ஓரிரு ஆண்டுகளைக் கழித்து வருதல் மரபாயிருந்தது. றிச்சட் லசெல்ஸ் என்பார் 1670இல் வெளிவந்த தமது இத்தாலியப் பயண நூலில் இதனைப் 'பெரும் பயணம்' எனப் பொருள்படும் தொடராற் குறித்தார். உரோமாபுரியின் இடிபாடுகளையும் புளோரன்சின் ஓவியங்களையும் கண்டு வருதல் ஆளும் வர்க்கத்தினருக்குரிய பண்பாட்டுத் தகுதியாகக் கருதப்பட்டது. இப்பயணத்தின் இரு பண்புகள் மனங்கொள்ளத்தக்கவை. அது செல்வருக்கே உரியதாயிருந்தது, இளைஞருக்கே உரியதாயுமிருந்தது. உழைப்பு முடிந்த பின்னர் செல்லும் பயணம் என்னும் எண்ணத்திற்கு அக்காலத்தில் இடமிருக்கவில்லை. பெரும்பான்மையான மக்களின் உழைப்பு அவர்தம் உயிருடனேயே முடிவுற்றது என்பதே இதற்குக் காரணமாகும்.

இளைஞரைத் தொடர்ந்து தெற்கே சென்றவர் நோயாளர்கள். மருத்துவரும் நாவலாசிரியருமான தொபயஸ் ஸ்மொலெற் 1763ஆம் ஆண்டு முதல் 1765ஆம் ஆண்டு வரை நீஸ் நகரை அண்டி வாழ்ந்து, அப்பகுதியின் தட்பவெப்பத்தைத் தமது பயண நூலின் வாயிலாக ஆங்கில வாசகருக்கு அறிமுகஞ் செய்தார். 1834ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்த மற்றொரு சம்பவம் இக்கட்டுரைப் பொருளுடன் நெருங்கிய தொடர்புடையது. லோட் சான்சலர் பதவியை அண்மையில் இழந்திருந்த புறூம் பிரபு இத்தாலியை நோக்கிச் சென்றுகொண்டிருந்தார். வாந்திபேதி நோய் பரவியிருந்தமையால், அக்காலத்தில் நீஸ் நகரை ஆண்ட சார்டீனிய அரசு தனது எல்லையை மூடியிருந்தது. மேலே செல்ல அனுமதி கிடைக்காத புறூம் பிரபு கான் என்னும் சிறிய மீன்பிடிக் கிராமத்திலே தங்க நேர்ந்தது. அவ்விடத்தின் அழகினாற் கவரப்பட்ட அவர் அங்கேயே ஒரு மாளிகையைக் கட்டினார். 1868இல் அவ்வூரிலேயே காலமானார். அவரைப் பின்பற்றிச் சென்ற ஆங்கிலச் செல்வரால் அக்கிராமம் குளிர்கால நகராக மாறியது. நோயும் எல்லைக் காவலும் பயணியின் போக்கைத் தீர்மானிக்கும் ஆற்றல் வாய்ந்தவை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1863இல் கான் நகரையும் 1864இல் நீஸ் நகரையும் புகையிரதம் எட்டியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் விக்ரோறியா மகாராணியே தமது முதுமையிற் பல முறை நீஸ் நகரிலே வசந்தகாலத்தைக் கழித்தார். இவ்வாறு, தெற்கே செல்லும் முதியவர் என்னும் வகையினர் உருவாகிவிட்டனர் எனலாம். எனினும் அவர்கள் மாளிகைவாசிகள். சாதாரண எழுத்தரும் தொழிலாளரும் அவ்வழியே செல்வதற்கு இன்னும் நெடுங்காலம் வேண்டியிருந்தது.

அடுத்து வண்டியின் வரலாற்றை நோக்குவோம். ஓய்வுப் பயணத்துக்கென்றே அமைக்கப்பட்ட முதலாவது கரவன் எனப் பொதுவாகக் கொள்ளப்படுவது, பிரிஸ்ரலிலிருந்த வண்டித் தொழிற்சாலையொன்றில் வில்லியம் கோர்டன் ஸ்ரேபிள்ஸ் என்பாருக்காகக் கட்டப்பட்ட 'வாண்டரர்' என்னும் வண்டியாகும். 'சுற்றித் திரிபவன்' என்பது அப்பெயரின் பொருள். ஸ்கொத்லாந்தரான ஸ்ரேபிள்ஸ் பிரித்தானியக் கடற்படையில் மருத்துவராகப் பணியாற்றி, உடல்நலக் குறைவினால் விலகிய பின்னர், சிறுவர்களுக்கான கடற்பயணக் கதைகளையும் நாய் வளர்ப்புப் பற்றிய நூல்களையும் எழுதி வந்தவர். 1885ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள ருவைபேட் என்னும் ஊரிலிருந்து ஸ்கொத்லாந்தின் இன்வேணஸ் வரை ஏறத்தாழ 1,300 மைல் தூரத்தை அவர் இவ்வண்டியிற் கடந்தார். இரண்டு தொன் எடை கொண்ட அவ்வண்டியை இரு குதிரைகள் இழுத்தன. வண்டிக்காரன் ஒருவனும் பணியாள் ஒருவனும் உடன் சென்றனர். வழியில் எதிர்ப்படுவோருக்கு வண்டியின் வருகையை அறிவிப்பதற்காக அப்பணியாள் முச்சக்கர மிதிவண்டியில் முன்னே சென்றான். இவர்களுடன் ஹரிக்கேன் பொப் என்னும் நியூபவுண்ட்லாந்து இன நாயும் கொண்டைக்கிளியொன்றும் பயணஞ் செய்தன. தம் தொழிலிலிருந்து விலகிய ஒருவர், தம் வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றி, நாயையும் உடன்கொண்டு ஊர்சுற்றுவதென்ற கோலத்தின் முன்மாதிரி இதுவே. ஸ்ரேபிள்ஸ் அடுத்த ஆண்டிலே தம் பயணத்தை நூலாக வெளியிட்டார். 1907இல் இங்கிலாந்தில் கரவன் கழகம் நிறுவப்பட்டபோது அதன் துணைத் தலைவர்களுள் ஒருவராக அவர் விளங்கினார். அவரது வண்டி இன்றும் பேணப்பட்டு வருகின்றது.

ஆனால் வீட்டுவண்டி ஸ்ரேபிள்சின் கண்டுபிடிப்பன்று. அதன் அமைப்பு, ஐரோப்பாவிலே ஜிப்சிகள் எனப் பிறரால் அழைக்கப்பட்ட ரோமா மக்களின் வண்டியிலிருந்து பெறப்பட்டது. இந்திய ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழியைப் பேசும் இம்மக்கள் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கு ஐரோப்பாவை அடைந்தனர். அன்றிலிருந்து அவர்களுக்கெதிராக நாடுதோறும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 'வாண்டரர்' பெருமையுடன் வலம் வந்த அதே 1880களில், ஜோர்ஜ் சிமித் என்னும் சீர்திருத்தவாதி, வண்டிகளில் வாழ்வோரைப் பதிவுசெய்து கண்காணிக்க வேண்டுமெனக் கோரி ஆங்கிலப் பாராளுமன்றத்தில் மசோதாக்களைக் கொண்டுவரச் செய்துகொண்டிருந்தார். அவை நிறைவேறவில்லை. ஆனால் பிரான்சிலே 1912 ஜூலை 16ஆந் திகதிச் சட்டம் நிறைவேறியது. இதன்படி 'நாடோடிகள்' என வகுக்கப்பட்டோர், தம் உடலளவுகளும் விரலடையாளங்களும் பதிக்கப்பட்ட அடையாளப் புத்தகத்தைச் சுமந்து, ஒவ்வோர் ஊரினுள்ளும் புகும்போதும் அதனை விட்டு நீங்கும்போதும் அதிகாரிகளிடம் முத்திரை பெறவேண்டியிருந்தது.

ஒரே வடிவங்கொண்ட வண்டி, ஒரே சாலை. ஒருவர் அதிற் சென்றால் அது கனவானின் பொழுதுபோக்கு. மற்றவர் சென்றால் அது சமுதாயத்துக்கு அச்சுறுத்தல். திரும்பிச் செல்வதற்கு ஒரு வீடு இருக்கின்றதா, வாழ்வதற்கு நிலையான வருமானம் இருக்கின்றதா என்பனவே இவ்விருவரையும் பிரித்த கோடாக அமைந்தன. கரவன் பயணத்தின் வரலாற்றை எழுதுவோர் இக்கோட்டினைப் பெரும்பாலும் கவனியாது கடந்துவிடுகின்றனர். ஆனால் இப்பொருளின் உயிர்நிலையே இதுவெனலாம்.

நிலையான வருமானம் என்பது நம்மை ஓய்வூதியத்தின் வரலாற்றுக்கு இட்டுச் செல்கின்றது. 1889இல் பிஸ்மாக்கின் ஜேர்மனி முதுமை, இயலாமைக் காப்புறுதிச் சட்டத்தை இயற்றியது. எழுபது வயதை எட்டிய தொழிலாளருக்கே அதன் பயன் கிட்டியது. வளர்ந்துவந்த தொழிலாளர் இயக்கத்தின் வேகத்தைத் தணிப்பதும் அதன் உள்நோக்கங்களுள் ஒன்றாகும். பிரித்தானியாவில் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், எழுபது வயதைக் கடந்த வறியோருக்கு வாரம் ஐந்து சிலிங் வழங்கப்பட்டது. இத்தொகை பட்டினியைத் தடுக்க உதவியதேயன்றி, பயணத்துக்கு உதவக்கூடியதன்று. ஓய்வுக்குரிய காலத்தைப் பெறும் உரிமை இதற்குச் சமாந்தரமாக வளர்ந்தது. 1936இல் பிரான்சின் மக்கள் முன்னணி அரசு, நாடளாவிய வேலைநிறுத்தங்களின் பின்னணியில், தொழிலாளர் அனைவருக்கும் இரண்டு வாரச் சம்பளத்துடனான விடுமுறையைச் சட்டமாக்கியது. பிரித்தானியாவில் 1938இல் இத்தகைய சட்டம் உருவாயிற்று. இவ்விடுமுறைகளின்போது முகாமிட்டுத் தங்கப் பழகிய தலைமுறையே பின்னாளில் இளைப்பாறியபோது கரவன்களுடன் தெற்கே சென்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே ஓய்வூதியத்தின் தன்மை அடிப்படையில் மாறியது. பிரித்தானியாவில் 1946ஆம் ஆண்டுத் தேசிய காப்புறுதிச் சட்டம் பரந்த பாதுகாப்பினை வழங்கியது. மேற்கு ஜேர்மனியில் 1957ஆம் ஆண்டு செய்யப்பட்ட சீர்திருத்தம் ஓய்வூதியத்தை நடைமுறைச் சம்பள மட்டத்துடன் இணைத்தது. அதன் பின்னர் ஓய்வூதியம் முதியவரின் பிழைப்புக்கான உதவித்தொகையாயன்றி, அவர் முன்பு பெற்ற சம்பளத்தின் தொடர்ச்சியாகவே அமைந்தது. உழைத்த காலத்தில் அனுபவித்த வாழ்க்கைத்தரத்தினை இளைப்பாறிய பின்னரும் பேணுதல் சாத்தியமாயிற்று. ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தின் 1971ஆம் ஆண்டு 1408ஆம் இலக்க ஒழுங்குவிதி, சமூகப் பாதுகாப்பு உரிமைகளை நாட்டெல்லை கடந்தும் செல்லுபடியாகச் செய்தது. முதுமையிற் பயணஞ் செய்பவனுக்கு மருத்துவ வசதி பற்றிய அச்சமே பெரிய தடை. அத்தடை இவ்வொழுங்குவிதியினாற் பெருமளவு குறைந்தது.

வண்டியும் சாலையும் இதே காலத்தில் மாறுதலடைந்தன. 1919இல் பேமிங்ஹாமில் இயங்கிய எக்கிள்ஸ் நிறுவனம் கார்களால் இழுக்கப்படும் கரவன்களை விற்பனைக்காக உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1931இல், சவுக்கும் பனிச்சறுக்குக் கோலும் செய்து விற்ற அரிஸ்ற் டெத்லெவ்ஸ் என்பார், ஓவியக் கலைஞரான தம் துணைவியாருடன் சேர்ந்து பயணஞ் செய்யும் பொருட்டு ஜேர்மனியிலே ஒரு கரவனை அமைத்தார். ஆயினும் போருக்கு முன் இவை வசதி படைத்தோரின் உடைமைகளாகவே இருந்தன. 1949இல் சாம் அல்ப்பர் தொடங்கிய 'ஸ்பிறைற்' என்னும் மலிவான கரவன், பிரித்தானியாவின் நடுத்தர வர்க்கத்தினருக்கும் கைத்திறன் தொழிலாளருக்கும் எட்டக்கூடியதாயிற்று. 1951 முதல் ஜேர்மனியில் வொக்ஸ்வாகன் சிற்றூர்தியினுள் படுக்கையும் அடுப்பும் பொருத்தப்பட்டன. சாலைகளைப் பொறுத்தவரை, 1924இல் மிலான் நகருக்கு வடக்கே திறக்கப்பட்ட மோட்டார் வீதி முன்னோடியாகும். மிலானையும் நேப்பிள்சையும் இணைத்த 'சூரிய வீதி' 1956இல் தொடங்கப்பட்டு 1964இல் நிறைவெய்தியது. 1965இல் மொன் பிளாங்க் சுரங்கப்பாதையும், 1980இல் சுவிற்சர்லாந்தின் கொத்தாட் வீதிச் சுரங்கமும் திறக்கப்பட்டன. கனமான கரவனை இழுத்துச் செல்லும் முதிய சாரதிக்குப் பெருந்தடையாயிருந்த அல்ப்ஸ் மலைக் கணவாய்கள் இவ்வாறு கடத்தற்கு எளியனவாயின.

இனி, பயணிகளை வரவேற்ற தெற்கு நாடுகளின் நிலையை நோக்குதல் வேண்டும். உள்நாட்டுப் போருக்குப் பின்னர் தனிமைப்பட்டுப் பொருளாதார நெருக்கடிக்குள்ளான பிராங்கோவின் ஸ்பெயின், 1959இல் தன் கொள்கையை மாற்றி, அந்நியச் செலாவணியை ஈட்டும் வழியாக உல்லாசப் பயணத்தைத் தேர்ந்தெடுத்தது. மேற்கு ஐரோப்பியருக்கு விசா தேவை நீக்கப்பட்டது. 1960இல் ஏறத்தாழ 60 இலட்சமாயிருந்த வருகையாளர் தொகை 1973இல் 3 கோடியே 40 இலட்சத்தை எட்டியது. அலிகான்ரேக் கரையிலிருந்த பெனிடோம் என்னும் மீனவர் ஊர் வானளாவிய கட்டடங்களின் நகரமாயிற்று. அக்கட்டடங்களுக்குப் பின்னாலிருந்த தோட்ட நிலங்களில் முகாம் திடல்கள் அமைக்கப்பட்டன. வடநாட்டு முதியோர் மாதக்கணக்கில் தங்கும் குளிர்காலக் குடியிருப்புகளாக இவை வளர்ச்சியடைந்தன.

இங்குதான் வரலாற்றின் பெரிய முரண்பாடொன்று வெளிப்படுகின்றது. வடக்கிலிருந்து ஓய்வுக்காக மக்கள் வந்த அதே ஆண்டுகளில், தெற்கிலிருந்து உழைப்புக்காக மக்கள் வெளியேறிக்கொண்டிருந்தனர். மேற்கு ஜேர்மனி 1955இல் இத்தாலியுடனும், 1960இல் ஸ்பெயினுடனும் கிரேக்கத்துடனும், 1964இல் போர்த்துக்கலுடனும் தொழிலாளர் ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. போர்த்துக்கலின் சர்வாதிகார ஆட்சி வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தியமையால், பல்லாயிரக்கணக்கான போர்த்துக்கேயர் இரவிலே பிரனீஸ் மலைகளை இரகசியமாகக் கடந்து பிரான்சை அடைந்தனர். வடக்கின் முதுமை தெற்கே வந்தபோது, தெற்கின் இளமை வடக்கே சென்றது. இவ்விரு நகர்வுகளும் ஒன்றோடொன்று தொடர்பற்றவையல்ல. 1957ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின்னர், ஜேர்மனியின் ஓய்வூதியங்கள் பெரிதும் அவ்வப்போது வேலை செய்வோர் செலுத்தும் பணத்திலிருந்தே வழங்கப்பட்டன. எனவே, கொலோன் நகரின் தொழிற்சாலையில் வேலைசெய்த அந்தலூசிய இளைஞனின் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்ட பணம், அவனது சொந்தக் கடற்கரையிலே கரவனை நிறுத்தி வெயில் காய்ந்த ஜேர்மானிய முதியவரின் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியாயிற்று. ஓய்வு என்பது வானத்திலிருந்து பொழிவதன்று. அது எப்போதும் எங்கோ ஒருவனுடைய உழைப்பின் மறுபக்கமாகும்.

1970களின் நடுப்பகுதியில் தென் ஐரோப்பாவின் சர்வாதிகாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. 1974 ஏப்பிரலில் போர்த்துக்கலிலும், அதே ஆண்டு ஜூலையில் கிரேக்கத்திலும் இது நிகழ்ந்தது. பிராங்கோ 1975இல் மரணமானார். ஐரோப்பிய சமூகத்திற் கிரேக்கம் 1981இலும், ஸ்பெயினும் போர்த்துக்கலும் 1986இலும் சேர்ந்தன. 1985இற் கைச்சாத்தான செங்கன் உடன்படிக்கை 1995இல் ஏழு நாடுகளிடையே நடைமுறைக்கு வந்தபோது, அந்நாடுகளின் எல்லைக் காவல் நிலையங்கள் வெறும் கட்டடங்களாயின. 2002இல் யூரோ நாணயத்தாள்கள் புழக்கத்துக்கு வந்தன. இவற்றுக்கு நேர்மாறான போக்கும் இல்லாமலில்லை. கிரேக்கத்துக்குச் செல்லும் தரைவழியாக விளங்கிய யூகோஸ்லாவிய நெடுஞ்சாலை 1991இல் தொடங்கிய போரினாற் பயன்படாதுபோக, கரவன் பயணிகள் இத்தாலியின் அங்கோனா, பாரி, பிரின்டிசித் துறைமுகங்களிலிருந்து கப்பலேறினர். திறந்த சாலை என்றென்றும் திறந்தேயிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவுமில்லை என்பதை இப்போர் முன்னுணர்த்தியது.

மேற்கூறியவை யாவும் மனிதரின் பயணத்தைப் பற்றியன. பின்னாசனத்திற் படுத்திருக்கும் நாயின் வரலாறு வேறானது. ஒருவகையில் அதுவே மிகக் கடினமானது. மகாபாரதத்தின் இறுதியிலே தருமன் மேற்கொண்ட கடைசி யாத்திரையில், தம்பியரும் துணைவியும் வீழ்ந்த பின்னரும் ஒரு நாய் அவனை விட்டகலாது சென்றது. விண்ணுலக வாயிலில், நாயை விட்டுவிட்டு வருமாறு பணிக்கப்பட்டபோது தருமன் உள்ளே செல்ல மறுத்தான். முதுமையின் பயணத்தில் நாயைத் துணையாகக் கொண்ட எவரும் இவ்வினாவினை எதிர்நோக்க வேண்டியவரே. 20ஆம் நூற்றாண்டு முழுவதும் பிரித்தானிய முதியோர் இதனை டோவர் துறைமுகத்தில் எதிர்நோக்கினர்.

இதற்குக் காரணமாயமைந்தது விசர்நாய்க்கடி நோயாகும். ஸ்ரேபிள்ஸ் தம் நாயுடன் வடக்கு நோக்கிச் சென்ற அதே 1885இல்தான் பரிசிலே லூயி பாஸ்ரர், நாயாற் கடியுண்ட ஜோசப் மைஸ்ரர் என்னும் சிறுவனுக்கு முதன்முதலாக இந்நோய்க்கெதிரான தடுப்பூசியைச் செலுத்தினார். பிரித்தானியா ஒரு தீவு என்பதாற் பிறிதொரு வழியையும் மேற்கொள்ளக்கூடியதாயிருந்தது. தெருநாய்களைப் பிடித்தும், நாய்களுக்கு வாய்க்கூடு இட்டும், வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களை ஆறு மாதம் அடைத்து வைத்தும், 1902இல் நோயை முற்றாக ஒழித்தது. முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படையினர் கள்ளமாகக் கொண்டுவந்த நாய்களினால் 1918இல் நோய் மீண்டும் தலைகாட்டியது. 1922இல் மறுபடியும் ஒழிக்கப்பட்டது. 1969இல், ஜேர்மனியிலிருந்து கொண்டுவரப்பட்டு ஆறு மாதக் காவலையும் முடித்து வெளிவந்த நாயொன்று கம்பேளி என்னும் ஊரிலே நோய்கண்டு இறந்தது. அச்சம் நாடெங்கும் பரவியது. 1974ஆம் ஆண்டின் சட்டம் கட்டுப்பாட்டை மேலும் இறுக்கியது. துறைமுகங்களில் அச்சமூட்டும் எச்சரிக்கைச் சுவரொட்டிகள் காட்சியளித்தன.

இவ்வச்சம் ஆதாரமற்றதன்று. இரண்டாம் உலகப் போரின் காலத்திற் போலந்துப் பகுதியிலிருந்து நரிகளிடையே பரவத் தொடங்கிய இந்நோய், ஆண்டுதோறும் மேற்கு நோக்கி நகர்ந்து, 1968இற் பிரான்சை அடைந்தது. நாய்களுக்குத் தடுப்பூசி போடுவது எளிது. காட்டு நரிக்கு ஊசி போடுவது எங்ஙனம்? இதற்கு விடை கண்டவர்கள் சுவிற்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள். 1978 ஒக்டோபரில், தடுப்பு மருந்து பொதிந்த கோழித் தலைகளை ரோன் நதிப் பள்ளத்தாக்கிலே பரப்பி வைத்தனர். அவற்றைத் தின்ற நரிகள் நோயெதிர்ப்பாற்றலைப் பெற்றன. மருந்துண்ட நரிகளின் வலயத்தை நோயாற் கடக்க முடியவில்லை. உலகிலே காட்டு விலங்குகளுக்கு வாய்வழித் தடுப்பு மருந்தளித்த முதல் முயற்சி இதுவே. இம்முறை ஏனைய நாடுகளுக்கும் பரவியது. சுவிற்சர்லாந்து 1999இலும், பிரான்ஸ் 2001இலும், ஜேர்மனி 2008இலும் நரிவழி பரவும் இந்நோயிலிருந்து விடுபட்டன. இன்று கரவனில் தெற்கே செல்லும் நாயின் சுதந்திரம், அல்ப்ஸ் மலையடிவாரத்தில் இடப்பட்ட கோழித் தலைகளிலிருந்து தொடங்கியதெனக் கூறினும் அது மிகையன்று.

ஜேர்மானியரும் ஒல்லாந்தரும் தடுப்பூசிச் சான்றிதழுடன் தம் நாய்களைத் தெற்கே அழைத்துச் சென்று வந்த காலத்திலும், பிரித்தானியர் அவ்வாறு செய்ய இயலவில்லை. நாயுடன் சென்றால், திரும்பும்போது அது ஆறு மாதம் கூட்டிலே கிடக்க வேண்டும். சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே வாழும் ஒரு பிராணிக்கு ஆறு மாதம் என்பது சிறிய காலமன்று; எழுபது வயதான அதன் எசமானுக்கும் அது சிறிய காலமன்று. எனவே பலர் நாய் இறக்கும் வரை பயணத்தைத் தள்ளிப்போட்டனர், அல்லது பயணத்தையே கைவிட்டனர். 1997இல் ஹொங்கொங்கின் கடைசி ஆளுநரான கிறிஸ் பற்றன் நாடு திரும்பியபோது, தம் இரு நாய்களை இக்காவலுக்கு உட்படுத்த விரும்பாது பிரான்சிலே தங்கவைத்தமை பத்திரிகைகளிற் பெரிதும் பேசப்பட்டது. 1998இற் பேராசிரியர் இயன் கெனடி தலைமையிலான குழு, காவல் முறைக்குப் பதிலாகத் தடுப்பூசியையும் அடையாள நுண்சில்லையும் இரத்தப் பரிசோதனையையும் அடிப்படையாகக் கொண்ட முறையை விதந்துரைத்தது. 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. 2004 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் பொதுவான செல்லப்பிராணிக் கடவுச்சீட்டு அறிமுகமாகியது. 2012இற் பிரித்தானியாவும் விதிகளைத் தளர்த்தி, தடுப்பூசி போட்டு 21 நாட்களின் பின்னர் பயணஞ் செய்ய அனுமதித்தது. எனவே, பிரித்தானியரைப் பொறுத்தவரை, நாயுடன் தெற்கே செல்லும் கரவன் பயணம் கால்நூற்றாண்டு வரலாறு மட்டுமே உடையது.

தெற்கு நாடுகள் நாய்க்கு ஆபத்தற்றவையென இதற்குப் பொருளன்று. மத்தியதரைக் கடற்பகுதியிலுள்ள மணற்கொசுக்கள் லீஷ்மேனியா நோயைப் பரப்புகின்றன. பைன் மரங்களிலிருந்து குளிர்காலத்தின் இறுதியில் வரிசையாக இறங்கும் கம்பளிப்புழுக்களின் மயிர், அவற்றை முகரும் நாயின் நாக்கினை அழுகச் செய்யவல்லது. பிரித்தானியாவுக்குத் திரும்பும் நாய்க்கு, ஒரு நாளுக்குக் குறையாமலும் ஐந்து நாட்களுக்கு மேற்படாமலும் முன்னதாக நாடாப்புழு மருந்து கொடுக்கப்பட வேண்டும். இதனால், கலே துறைமுகத்தை அடையுமுன் பிரான்சிய ஊரொன்றில் மிருக வைத்தியரை நாடுதல் பயண ஒழுங்கின் இன்றியமையாத பகுதியாயிற்று.

நான்கு வரலாறுகளும் ஒன்றுகூடி நிறைவெய்திய இந்நிலை நெடுங்காலம் நீடிக்கவில்லை. 2016ஆம் ஆண்டு வாக்கெடுப்பின் விளைவாகப் பிரித்தானியா 2020 ஜனவரி இறுதியில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியது. 2021 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து பிரித்தானியப் பயணி 180 நாட்களுள் 90 நாட்கள் மட்டுமே செங்கன் நாடுகளிலே தங்கலாம் என்ற விதி நடைமுறையாயிற்று. ஐப்பசியிற் புறப்பட்டுச் சித்திரையில் திரும்பும் பழைய வழக்கம் ஒரே இரவில் சட்டவிரோதமாயிற்று. பெரிய பிரித்தானியாவில் வழங்கப்பட்ட செல்லப்பிராணிக் கடவுச்சீட்டுகள் செல்லுபடியாகாதனவாக, ஒவ்வொரு பயணத்துக்கும் முந்திய பத்து நாட்களுக்குள் பெறப்பட்ட புதிய மிருக சுகாதாரச் சான்றிதழ் வேண்டப்பட்டது. அதே 2021இன் தொடக்கத்திற் போர்த்துக்கலும், அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு வெளியே வீட்டு ஊர்திகளை இரவில் நிறுத்துவதைத் தடைசெய்தது. பின்னர் அவ்வாண்டிலேயே தடை ஓரளவு தளர்த்தப்பட்டது.

புதிய விதிகளாற் பாதிக்கப்பட்டோர் இதனைப் பெருங்குறையாகக் கொண்டனர். நாட்களை எண்ணுதலும், சான்றிதழ் சுமத்தலும், ஓரிடத்தில் வண்டியை நிறுத்த அனுமதி தேடுதலும் அவர்களுக்குப் புதிய அனுபவங்களாயின. ஆனால் வீட்டுவண்டியின் மூல உரிமையாளருக்கு இவற்றுள் எதுவும் புதியதன்று. பிரான்சின் ரோமா மக்களும் ஏனைய நாடோடிகளும் 1940இல் ஓரிடத்தில் முடக்கப்பட்டு, முகாம்களில் அடைக்கப்பட்டனர். போர் முடிந்த பின்னரும் 1946 வரை அவர்களுட் சிலர் விடுவிக்கப்படவில்லை. நாசிகளின் ஆட்சியிலே இலட்சக்கணக்கான ரோமா, சிந்தி மக்கள் கொல்லப்பட்டனர். 1912ஆம் ஆண்டின் அடையாளப் புத்தகம் 1969இல் நீக்கப்பட்டபோதிலும், வேறு பெயருடைய பயணப் பத்திரங்கள் அதன் இடத்தைப் பெற்றன. அவற்றின் இறுதி எச்சம் 2017 ஜனவரியிலேயே சட்டத்திலிருந்து அகற்றப்பட்டது. பிரித்தானியாவில் 1968ஆம் ஆண்டின் சட்டம் ஜிப்சி மக்களுக்குத் தங்குமிடம் அமைக்கும் கடமையை உள்ளூராட்சி மன்றங்களுக்கு விதித்தது. 1994ஆம் ஆண்டின் சட்டம் அக்கடமையை நீக்கியது. ஓய்வுக்காகச் செல்லும் கரவனுக்கு முகாம் திடல்கள் பெருகிய அதே நாட்டிலே, வாழ்வதற்காகச் செல்லும் கரவனுக்கு நிற்க இடமில்லாது போயிற்று.

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரக்கூடியதாயுள்ளது. முதியவர் ஒருவர் தம் துணையுடனும் நாயுடனும் குளிரை விட்டு வெயிலை நாடிச் செல்லுதல் மனித இயல்புக்கு மிகப் பொருத்தமான எளிய இன்பமாகும். அதனை இகழ்வதற்கு எக்காரணமுமில்லை. முற்காலத்திற் பிரபுக்களின் புதல்வருக்கும் மகாராணிக்கும் மட்டுமே கிடைத்த வெயில், இளைப்பாறிய தபாற்காரனுக்கும் தாதிக்கும் கிடைத்தமை ஐரோப்பியத் தொழிலாளர் இயக்கத்தினதும் பொதுநல அரசினதும் பெருஞ்சாதனைகளுள் ஒன்றாகவே கொள்ளப்படல் வேண்டும். ஆனால் அவ்வின்பம் இயற்கையின் கொடையன்று. வேலைநிறுத்தங்களும் ஓய்வூதியச் சட்டங்களும், மலைகளைக் குடைந்த தொழிலாளரின் உழைப்பும், தெற்கிலிருந்து வந்த இளைஞரின் வியர்வையும், நரிகளுக்கு மருந்திட்ட ஆராய்ச்சியாளரின் பொறுமையும் சேர்ந்தே அதனை உருவாக்கின. சட்டத்தினால் உருவானதைச் சட்டம் குறைக்கவும் கூடும் என்பதற்கு 2021ஆம் ஆண்டு சான்று பகர்கின்றது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பயணஞ் செய்யும் சுதந்திரம் சக்கரங்களில் இல்லை. அச்சக்கரங்களின்மேல் அமர்ந்திருப்பவரை அரசும் சமுதாயமும் எவ்வாறு நோக்குகின்றன என்பதிலேயே அது தங்கியுள்ளது. விண்ணுலக வாயிலில் நின்ற தருமன் தான் மட்டும் உள்ளே செல்லுதல் நீதியாகாதென உணர்ந்தான். தம் நாய்க்கும் கடவுச்சீட்டுப் பெற்றுக் கொடுத்த ஒரு கண்டம், தன்னிடையே அறுநூறு ஆண்டுகளாக வண்டியில் வாழ்ந்த மனிதருக்கு நிற்க ஓரிடம் கொடுத்ததா என்னும் வினாவுக்கு விடையளிக்கும் வரை, கரவன் பயணத்தின் வரலாறு முழுமை பெற்றதாகாது.